முதலில் அபிப்பிராயம், அப்புறம் நாவல்

1981-இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வெளிவந்தபோது கும்பகோணத்துக்கு மொத்தமே ஒரு பிரதிதான் வந்திருக்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். அது ஒரு கல்லூரி விரிவுரையாளரிடம் இருந்தது. மாணவர்களுக்குக் கொடுக்கமாட்டார். படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரிகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பார். அந்தத் தகுதி எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இருந்தது.

புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. என் முறை கடைசி. ஆனால் மகாமகக் குளத்தங்கரை டீக்கடையில் சாயங்காலம் நடக்கும் விவாதம் என் முறைக்காகக் காத்திருக்குமா? முதலில் படித்தவன், “இனிமே தமிழ்ல பழைய மாதிரி ஒருத்தனும் நாவல் எழுத முடியாது” என்றான். அடுத்து படித்தவன், “இது நாவலே இல்லடா” என்றான். நான் படிக்காத தைரியத்தில், இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதான் என்றேன். கடையில் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. அன்றிலிருந்து எனக்கு விமர்சகன் என்று பெயர்.

ஜோசப் ஜேம்ஸ் என்று ஒரு மலையாள எழுத்தாளர் கிடையாது, சுந்தர ராமசாமி உண்டாக்கிய ஆள் அவர் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. காம்யு விபத்தில் இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5-இல் இறந்தார் என்று தேதி போட்டு எழுதியிருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்வந்த ஒருவன், ஜே.ஜே.யின் புத்தகங்களை அங்கே கடையில் அடுக்கி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்ததாகவே சொன்னான். மலையாளம் படிக்கத் தெரியாததால் வாங்கவில்லையாம்.

அந்த நாவலில் ‘சிவகாமியின் சபத’த்துக்கு ஓரிடத்தில் ஒரு குத்து விழும். சின்னக் குத்துதான். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து ஊரில் கல்கி படிக்கிறவர்களை நாங்கள் இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினோம். இதில் எனக்கு ஒரு சிக்கல். என் வீட்டு அலமாரியில் முழுப் ‘பொன்னியின் செல்வ’னும் இருந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே சேர்த்தது அது. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரைக்கும் ‘கல்கி’யில் வாராவாரம் வந்ததைக் கத்தரித்து, பாகத்துக்கு ஒன்றாக ஐந்து தொகுதிகள் பைண்டு பண்ணி, பாத்திரம் பண்டத்தோடு புக்ககத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். காக்கி நிறக் காலிகோ முதுகு. பூச்சி அரிக்காமலிருக்க பைண்டர் பசையில் மயில்துத்தம் கலந்திருந்தார். தொகுதியைத் திறந்தால் முதலில் பசை வாசனை எழும், பிறகுதான் வீரநாராயண ஏரி வரும். மணியம் வரைந்த நந்தினிக்கு யாரோ ஒரு சித்தி நீல மசியில் மூக்குத்தி போட்டிருந்தாள். அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்புறத்தில் பாதிச் சமையல் குறிப்பும் தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். மூன்றாம் தொகுதியில் ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போய்விட்டது. பக்கத்து வீட்டு இதழைக் கடன் வாங்கி, அந்த அத்தியாயத்தைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் அம்மா கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தாள். எழுத்து முதலில் நிதானமாக நடந்து, போகப்போகச் சாய்ந்து ஓடும். இதழைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

டீக்கடையில் கல்கியைக் கிழித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு அந்தத் தொகுதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். “லைட்டை அணைச்சுட்டுப் படு” என்பாள்.

2022 செப்டம்பரில் படம் வெளிவந்ததும் என் தங்கை மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். பெங்களூரில் மென்பொருள் வேலை, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். “மாமா, நந்தினி யாரோட பொண்ணு? கரிகாலனைக் கொன்னது யாரு? ரெண்டு வரியில சொல்லுங்க” என்றான். எழுபது வருஷமாகத் தமிழ்க் குடும்பங்கள் சாப்பாட்டு நேரத்தில் தீர்க்க முடியாமல் எழுந்துபோன வழக்கு இது. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் கூட்டத்தைத் துரோகிகள் என்கிறது. கல்கியோ கத்தியைப் பிடித்த கையை இருட்டிலேயே விட்டுவிட்டார் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். “அப்போ கல்கிக்கே தெரியாதா மாமா?” என்று அவன் கேட்டான். டீக்கடை நாளில் இந்தக் கேள்வி எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் மகள் அதே நாவலை ஒலிநூலாக ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். அந்த வேகத்தில் வந்தியத்தேவனின் குதிரை வீராணத்துக் கரையைத் தாண்டிப் பழையாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் குக்கர் மூன்று விசில்கூட விடுவதில்லை. அபிப்பிராயம் கேட்டேன். “நல்லா இருக்குப்பா, கொஞ்சம் இழுக்குது” என்றாள்.

மற்ற நாவல்களுக்கு எங்களுக்கு இருந்த இடம் கிளை நூலகம். கண்ணாடி போட்ட ஒரு பீரோவில் ‘நல்ல’ நாவல்கள். சாவி நூலகரிடம். வெளியே மர அலமாரியில் மற்றதெல்லாம். மாத நாவல்களின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலில் எழுதிவைக்கும் ஒரு புண்ணியவான் ஊரில் இருந்தார். அவர் எழுதியது எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆளை மாற்றி எழுதிவிடுவார். நாம் அப்பாவியையே கடைசிவரை முறைத்துக்கொண்டிருப்போம். அதுவே ஒரு துப்பறியும் சுகம்தான். கண்ணாடி பீரோப் புத்தகங்களின் ஓரத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். ‘மட்டம்’ என்று ஒருவர். அதன் கீழே ‘நீதான் மட்டம்’ என்று இன்னொருவர். அதற்கும் கீழே பேனாவில், அழிக்க முடியாதபடி, ‘நூலகப் புத்தகத்தில் கிறுக்காதீர்கள்’ என்று மூன்றாமவர்.

இப்போது இந்த மூவரும் கைப்பேசியில் இருக்கிறார்கள். முதலாமவர் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார். இரண்டாமவர் அவரைக் குழுவிலிருந்து நீக்கச் சொல்கிறார். மூன்றாமவர்தான் குழுவின் அட்மின்.

கண்ணாடி பீரோவிலிருந்து என் கைக்கு வந்தவற்றில் ‘மோகமுள்’ளை மட்டும் சொல்கிறேன். கும்பகோணத்துக்காரனுக்கு அது நாவல் மட்டுமில்லை, ஊர்க்கதை. தி. ஜானகிராமன் எழுதிவிட்டார் என்பதற்காகவே துக்காம்பாளையத் தெருவில் தேவையில்லாமல் நடந்து, மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்த தலைமுறை எங்களுடையது. ஜன்னலில் எப்போதும் வடாம் துணிதான் உலரும். அப்போது என் கட்சி பாபுவின் கட்சி. யமுனா பத்து வயது மூத்தவளாக இருந்தால் என்ன, இத்தனை பக்கம் காக்கவைப்பது நியாயமா என்று எனக்குக் கோபம். சங்கீதம் வருகிற பக்கங்களை, ரங்கண்ணாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் மறுபடி படித்தேன். இந்தத் தடவை தள்ளினது பாபுவின் தவிப்பை. ரங்கண்ணா வருகிற பக்கங்களில் உட்கார்ந்துவிட்டேன். கிழவர் ஒரு சுருதியைச் சரியாகப் பிடிக்கவைக்கப் படுகிற பாட்டில் இருக்கிற வெறி, பாபுவின் காதலில் எனக்குக் காணவில்லை. பாபநாசத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை நினைத்துக் கொண்டிருக்கிற அப்பா வைத்தி எத்தனை நல்ல மனுஷர் என்றும் இப்போதுதான் படுகிறது. யமுனா வீட்டில் ஒத்தாசை குறையக் குறையச் சாமான் ஒவ்வொன்றாகக் கரைகிறதே, அதை ஜானகிராமன் அழுத்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார். இருபது வயதில் எனக்கு அந்த வீட்டில் யமுனாவைத் தவிர வேறு ஒரு பொருளும் கண்ணில் படவில்லை. இந்த அபிப்பிராயத்தைப் பழைய டீக்கடை நண்பன் ஒருவனிடம் சொன்னேன். “உனக்கு வயசாயிடுச்சுடா” என்றான். இலக்கிய விமர்சனத்தில் இப்படி ஒரு வசதி உண்டு. எதிராளியின் வாதத்தைத் தொட வேண்டியதே இல்லை.

‘தண்ணீர்’ வேறு கதை. அசோகமித்திரனின் அந்தச் சின்ன நாவலைக் காவிரிக் கரையில் உட்கார்ந்து படித்தேன். ஆற்றில் மணல் தெரியாத மாதம் அது. பட்டணத்தில் ஒரு தெருவே குடத்தோடு அலைகிறது, தோண்டிப் போட்ட தெருவில் சாக்கடை கலந்து குழாயில் வருகிறது என்றெல்லாம் எழுதியிருந்ததை, ‘வாழ்க்கையின் வறட்சிக்குக் குறியீடு’ என்று டீக்கடையில் விளக்கினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்போது எங்களுக்குக் குறியீடு இல்லாத பொருளே கிடையாது. ஒரு கதையில் நாய் வந்தால்கூட அது சும்மா வராது.

2019 ஜூனில் நான் சென்னை மடிப்பாக்கத்தில் குடியிருந்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். வண்டிக்கு மாலை போட்டு வரவேற்றதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நடுராத்திரி லாரிக்காக மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும்போது கையில் ஏதாவது வேண்டும் என்று அந்த நாவலை எடுத்தேன். முதல் இருபது பக்கத்துக்குள் குறியீடெல்லாம் ஓடிப்போய்விட்டது. தண்ணீர் என்றால் தண்ணீர்தான். ஜமுனாவும் சாயாவும் டீச்சரம்மாவும் எங்கள் தெருக் குழாயடியில் நின்றிருந்தால் நான் அவர்களுக்கு முன்னால் குடத்தை வைத்திருப்பேனா என்றுதான் யோசனை ஓடியது. வைத்திருப்பேன். 1973-இல் வெளிவந்த நாவலை 46 வருஷம் கழித்து மெட்ரோ வாட்டர் வந்து எனக்குப் புரியவைத்தது. மொத்தம் நூற்றைம்பது பக்கம் சொச்சம்தான் இருக்கும். லாரி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்றைய நாவல்களுக்கு ஒரு லாரி போதாது. ‘காவல் கோட்ட’மும் ‘அஞ்ஞாடி’யும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. மல்லாந்து படுத்துப் படிக்கிறவனுக்கு உயிராபத்து. முதலாவதில் சு. வெங்கடேசன் மதுரையின் அறுநூறு வருஷத்தை அடைத்திருக்கிறார். கன்னம் வைக்கப் போகிற தாதனூர்க்காரர்களின் இரவுகள் வரும் இடமெல்லாம் எனக்கு அபாரம். பாளையப்பட்டுகளும் கவர்னர்களும் வரும் இடங்களில் பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கும் என்று இருந்தது. பூமணியின் ‘அஞ்ஞாடி’யில் ஆண்டி, மாரி என்ற இரண்டு பிள்ளைகளின் சிநேகம் இருக்கிறதே, அதற்காக மீதித் தொள்ளாயிரம் பக்கத்தை மன்னிக்கலாம். மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை, கழுகுமலையும் சிவகாசியும் பற்றி எரிந்த கதையில்லாமல் அந்தச் சிநேகத்துக்கு அர்த்தம் இல்லை என்பார்கள். இருக்கலாம். ‘வெக்கை’யை அதே பூமணி கைக்கடக்கமாக எழுதினாரே என்பதுதான் என் மணிக்கட்டின் வாதம்.

என் அத்தைக்கு இந்த விமர்சன நாசூக்கெல்லாம் கிடையாது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறி ஏமாந்து வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை வெளியே விடாமல் முடித்துவிடுகிற கதை. நாடே கடிதம் எழுதிற்று. அத்தையும் எழுதினாள். பிரசுரமாகவில்லை. கடைசிவரை அத்தை அவரை ‘அந்த மனுஷன்’ என்றுதான் சொன்னாள். அந்த மனுஷன் எழுதியதில் ஒரு வரியையும் விட்டதில்லை.

ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு நாவலையே எழுதினார். தினமணி கதிரில் தொடராக வந்து, 1970-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாயிற்று. 1972-இல் சாகித்ய அகாடமி பரிசு. வாசகர் கடிதத்துக்கு இவ்வளவு நீளமான பதில் தமிழில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. அத்தை அந்த நாவலைத் தனக்கு எழுதின பதில் என்றே எடுத்துக்கொண்டாள். “என் லெட்டரைப் படிச்சிருக்கான்” என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

2014 கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெருமாள்முருகனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ‘மாதொருபாகன்’ 2010-லேயே வந்த நாவல். குழந்தையில்லாத காளியும் பொன்னாவும், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவும். நாலு வருஷம் சும்மா இருந்த புத்தகத்தின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து அப்போது ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “முழுசாப் படிச்சீங்களா சார்?” என்று கேட்டேன். “அதை வேற முழுசாப் படிக்கணுமா?” என்றார். பாயசம் வந்தது. அவர் நன்றாகப் பேசினார். சுருக்கமாக, சுற்றி இருந்தவர்கள் தலையாட்டும்படி. மகாமகக் குளத்தங்கரையில் நான் பேசியது இதைவிட நன்றாக இருந்ததா என்று யோசித்தேன். எங்கள் கடையில் யாரும் யாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னதில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். டீக் கடனுக்காகக் கடைக்காரர் எங்களைச் சொல்லியிருக்கிறார், அது வேறு.

2015 ஜனவரியில், நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டார் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவைக்கலாம், எழுத்தாளர் மறுபடி எழுத வரட்டும் என்ற தொனியில் தீர்ப்பளித்தது. அத்தைக்கு நாவல் பதிலாகக் கிடைத்த நாட்டில் எனக்குத் தீர்ப்பு நகல் கிடைத்தது. அதைப் படிக்கவும் உட்கார்ந்தேன். நீளமான தீர்ப்பு. நடை நன்றாகவே இருந்தது.

திரும்பி வந்தவர் எழுதியது ‘பூனாச்சி’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது என்று முன்னுரையில் சொல்லிவிட்டு ஒரு வெள்ளாட்டின் கதையைச் சொல்கிறார். அந்த ஊரில் குட்டி பிறந்தால் அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காது குத்தி எண் போட வேண்டும். எங்கே வாங்கினாய், யார் கொடுத்தது என்று கேள்விமேல் கேள்வி. வரிசையில் நிற்கிற ஜனங்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்கிறார்கள். இந்த வரிசைப் பக்கங்கள்தான் நாவலில் எனக்கு ஆக உயர்ந்தவை. கிழவியும் குட்டியும் கொஞ்சுகிற இடங்கள் சற்றே தித்திப்பு. இதில் எதற்கு எது குறியீடு என்று நான் யாருக்கும் விளக்கவில்லை. ஆடு ஆடாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதுதான் அதற்கும் நல்லது, எனக்கும் நல்லது.

இமையத்தின் ‘செல்லாத பண’த்தை நான் படித்து முடித்ததும் மனைவி எடுத்தாள். வீட்டாரை மீறி ஆட்டோக்காரனைக் கட்டிக்கொண்ட ரேவதி தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். பெற்றவர்களிடம் பணம் இருக்கிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. நாவலில் பெரும்பகுதி தீக்காய வார்டு வாசலில் காத்திருப்பதுதான். எனக்கு இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது: பேச்சு வழக்கின் வலு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுகிற தாயை எழுத்தாளர் வெட்டிச் சுருக்காமல் விட்டிருக்கிற துணிச்சல், சில இடங்களில் சுருக்கியிருக்கலாமோ என்கிற சந்தேகம். மனைவி பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ராத்திரி பத்தரை மணிக்கு மகளுக்குப் போன் போட்டாள். “ஒண்ணுமில்லடி, சும்மாதான். மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” இரண்டு வீடு தள்ளி இருக்கிற மகள். நான் தயார் செய்து வைத்திருந்த அபிப்பிராயம் அப்படியே நின்றது. மறுநாள், “சரி, நாவல் எப்படி?” என்று விடாமல் கேட்டேன். “உங்களுக்கு வேற வேலையில்ல” என்றாள்.

இப்போது எனக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. நந்தனம் புத்தகக் காட்சியில் ஒவ்வொரு ஜனவரியும் தமிழின் தலைசிறந்த நாவல்கள் ஏழெட்டாவது வெளியாகின்றன. எல்லாம் படித்தவர்களின் உறக்கத்தைக் கெடுத்தவை என்று பின்னட்டை சொல்கிறது. எனக்குப் பொதுவாக நன்றாகவே உறக்கம் வருகிறது. அச்சுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் ஐம்பது பிரதி அடித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிப் பையன் அப்படி ஒரு நாவல் போட்டிருக்கிறான். ஐ.டி. வேலை, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். லிஃப்டில் பிரதியைக் கொடுத்து, “அங்கிள், நீங்க பெரிய ரீடர்னு ஆன்ட்டி சொன்னாங்க. ஒளிவுமறைவில்லாம சொல்லணும்” என்றான். கொடுத்தவன் கைப்பேசியில் என்னையும் புத்தகத்தையும் சேர்த்து ஒரு படமும் எடுத்துக்கொண்டான்.

படித்தேன். இந்த முறை உண்மையிலேயே முழுவதும் படித்தேன், முன்னுரை உட்பட. அடுத்த வாரம் கார் நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டான். அட்டை அருமை என்றேன், எழுத்துரு கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றேன். அவன் விடவில்லை.

“எந்த அத்தியாயம் அங்கிள் ரொம்பப் பிடிச்சுது?”

“கடைசி அத்தியாயம்” என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம்.